ஜெயலெட்சுமியை வரவழைக்க ஒரு கிளாஸ் ரம்

குடிகாரனாவது என்று சந்திரசேகரன் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முடிவெடுத்தார். ஐம்பத்தெட்டு வயது. பீர் நுரையைக்கூடத் தொட்டுப் பார்க்காத மனுஷன். பத்து காவான் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஆண்டு விருந்தில் ஊரே ஆடும்போது மூலையில் உட்கார்ந்து லைச்சிப் பழத் தண்ணி குடிப்பவர்.

அப்படி என்ன கேடு வந்துவிட்டது? பெண்டாட்டி ஊரில் இல்லை. அதுதான் கேடு. மகள் காமினிக்குப் பிரசவம் பார்க்க ஜொகூருக்குப் போன ஜெயலெட்சுமி, நாற்பதே நாளில் வந்துவிடுவதாகச் சொன்னாள். இன்றோடு எழுபத்தோரு நாள். பேரனுக்குத் தலை நின்றுவிட்டது, தாத்தாவுக்குத்தான் தலை சுற்றுகிறது. ஜெலுத்தோங் ஃபிளாட்டில் அவரைத் திட்ட ஆளில்லை. ஈரத் துண்டை வேண்டுமென்றே சோபாவில் போட்டுப் பார்த்தார். அது பாட்டுக்குக் கிடந்தது. கடையில் தாப்பாவ் பண்ணி, பொட்டலமாகக் கட்டிவந்த மீ கோரெங் நூடுல்ஸைத் தின்று தின்று நாக்கு செத்துப்போனது. 'நீ இல்லாமல் முடியவில்லை, வா' என்று ஒரு வார்த்தை சொல்லலாம்தான். முப்பத்தோரு வருஷத்தில் சொன்னதில்லையே! வீம்பு.

கல்யாணமான மறுநாளே ஜெயலெட்சுமி சொன்னது: "குடிச்சீங்க, தொலைஞ்சீங்க." கிளாஸைக் கண்ணால் பார்த்தால் போதும், அலறியடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள். இதுதான் திட்டம்.

கீழ்வீட்டு கிஷன், கடற்கரை ஓட்டல் ஒன்றின் பாரில் வேலை பார்ப்பவன். மூன்று பாட்டிலோடு படியேறி வந்தான்.

"அண்ணே, இது கறுப்பு ரம். இந்தச் சிவப்பு, பசி எடுக்க சாப்பாட்டுக்கு முன்னாடி குடிக்கிறது. கசப்புல பாகற்காய் தோத்துடும். இது வெர்மூத், மூலிகை போட்ட இனிப்பு ஒயின். மூணும் சம அளவு."

"போட்டு நல்லா குலுக்கணுமா?"

"ஐயோ, குலுக்கினா கலங்கிடும்லா! ஐஸ் போட்டு, கரண்டியால மெதுவா சுத்துங்க. சத்தமே வரக்கூடாது."

"சத்தம் வரலன்னா நான் நாசமாப் போறது எப்படிப்பா வெளிய தெரியும்?"

முப்பத்தோரு வருஷத்தில் டீ கூடக் கலக்காத கை அது. ஆனாலும் கலக்கக் கலக்க, மனுஷனுக்கு வேலையில் ருசி தட்டிவிட்டது. ஐஸ் இடிக்காமல் சுற்றினார். ஆரஞ்சுத் தோலைப் பூ மாதிரி சீவி விளிம்பில் செருகினார். மேசைக்குத் தீபாவளித் துணியை எடுத்து விரித்தார். பன்னிரண்டு மணிக்குப் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினார்.

பார்த்துவிட்டாள் என்று ரெண்டு நீலக் கோடும் விழுந்தது. போன் மட்டும் வரவில்லை. வீட்டைப் பெருக்கினார். அவளுக்குப் பிடித்த கெண்டைமீன் கிடைக்குமா என்று பசார்வரை போய்வந்தார். கிளாஸ் ஃபிரிட்ஜில் காத்திருந்தது. ஆறு மணிக்குத்தான் வீடியோ கால் வந்தது.

"படம் பார்த்தேங்க. கலரு நல்லா இருந்துச்சு."

சந்திரசேகரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஜெயா, அது ரம்மு!"

"மாப்பிள்ளை சொன்னாரு."

"தினமும் குடிக்கிறேன்!"

"எங்க, ஒரு வாய் குடிங்க பார்ப்போம்."

கிளாஸை எடுத்துவந்து குடித்தார். முகம் அஷ்டகோணலானது. அடித்தொண்டைவரை கசந்தது. அது இறங்கிய பிறகு மெல்ல ஓர் இனிப்பு வந்தது. கூடவே கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது.

"என்னங்க, அழறீங்களா?"

"கசக்குது ஜெயா." வீம்பெல்லாம் அந்த ஒரு வாயோடு போயிற்று. "வீட்டுக்குள்ள கால் வைக்கவே பிடிக்கல. நீ இல்லாம என்னால முடியல. வந்துரேன்."

அந்தப் பக்கம் ஜெயலெட்சுமி மூக்கை உறிஞ்சினாள்.

"இதைக் காலையிலேயே சொல்லியிருக்கக்கூடாதா? நான் மட்டும் தவிக்கலையா? சொல்லாம வந்து நிக்கலாம்னு ரெண்டு மணி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து வச்சிருந்தேன்."

"எடுத்தியா! அப்புறம் ஏன் ஏறல?"

"பெட்டியைப் பூட்டுறேன், உங்க படம் வருது. ஆரஞ்சுத் தோலு என்ன, மேசைத் துணி என்ன! தவிக்கிற மனுஷன் பண்ற அலங்காரமாங்க அது? அவரு ஜாலியா இருக்காரு, நாம எதுக்கு ஓடணும்னு, இன்னும் ரெண்டு மாசம் இருக்கேன்னு காமினிகிட்ட சொல்லிட்டேன்."

"சத்தியமா நான் குடிக்கிறவனே இல்ல! நாளைக்கே வா!"

"எப்படிங்க? என்னை நம்பி சம்பந்தியம்மா ஊருக்குக் கிளம்பிட்டாங்க. பிள்ளையைத் தூக்க வேற ஆளில்ல."

"அப்ப அந்த டிக்கெட்?"

"வீணாக்குவேனா? பேரனைப் பார்க்க வந்த எங்க பிச்சைமுத்து அண்ணனை ஏத்தி விட்டுட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு சுங்கை நிபோங் பஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிட்டு வந்துருங்க. நான் வர்ற வரைக்கும் உங்களுக்குத் துணையா இருப்பாரு."

"எனக்கு எதுக்கு ஜெயா துணை?"

"பாவம், அண்ணனுக்குத் தனியாக் குடிச்சுப் பழக்கமில்லைங்க. தினமும் ரெண்டு கிளாஸாக் கலக்கிடுங்க."