மாஸ்டர் சுமந்துபோன மெத்தை

திருவனந்தபுரத்திலேயே தூக்கத்தைப் பற்றி அதிகம் தெரிந்தவர் யார் என்று கேட்டால், டாக்டர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, பொரோட்டா மாஸ்டர் என்றுதான் சொல்வேன். பஸ்ஸில் நின்றபடியே உறங்கி, தன் ஸ்டாப் வந்ததும் கண்விழிக்கிற மனிதர். கிழக்கேகோட்டை ஹோட்டல் ஒன்றில் வேலை. ஸ்ரீவராகம் பக்கம் ஒரே அறையில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம்.

எனக்கோ அப்போது தூக்கமே கிடையாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன் நான். அப்பாவுக்கு விழிஞ்ஞத்தில் கான்கிரீட் வேலை. மூன்று பேப்பர் போனதும் மனசு இருண்டுவிட்டது. ராத்திரியெல்லாம் விழிப்பு, பகலெல்லாம் படுக்கை. வருகைப்பதிவு இன்னும் குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். காலேஜ் டாக்டர், "முதல்ல தூக்கத்தைச் சரியாக்குவோம், மனசும் தெளியும்" என்று ஆன்லைன் தூக்க சிகிச்சையில் சேர்த்துவிட்டார். வாரம் ஒருமுறை வீடியோவில் ஒரு மலையாளி மேடம் வருவார்.

"பெட் உறங்க மட்டுந்தான். காலையில ஆறு மணிக்கு எழுந்தா, பகல்ல அதுல சாயவே கூடாது, கேட்டோ?"

பின்னால் பல் தேய்த்துக்கொண்டிருந்த மாஸ்டர் நுரையோடு எட்டிப் பார்த்தார்.

"அத எங்கிட்ட விடுங்க மேடம். நான் சரியாக்கித் தாறேன்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு என்னைத் தரையில் உருட்டிவிட்டு, மெத்தையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஹோட்டலுக்கு நடந்துவிட்டார்!

"கட்டிலையாவது விட்டீங்களே மாஸ்டர்!" என்றேன், அவர் திரும்பியதும்.

"அதச் சொமக்க ஆள் கிட்டல மக்கா."

அடுத்த வாரம் மேடம் கேட்டார்: "பகல்ல படுத்தீங்களா?"

"மெத்தை ஹோட்டல்ல இருக்கு மேடம்."

"எந்தா?"

"மைதா மூட்டை மேல."

மேடத்தின் பேனா அப்படியே நின்றது. "இப்படிச் செய்ய நான் சொல்லவே இல்லையே!" என்றவர், சிரிப்பை அடக்க முடியாமல் கேமராவை அணைத்துவிட்டார்.

படுக்க மெத்தையில்லாதவன் எங்கே போவான்? காலேஜுக்குப் போனேன். தினமும் சாயங்காலம் மெத்தை சால்னா வாசத்தோடு திரும்பி வரும். மூன்றாவது வாரம், அந்த வாசத்திலேயே ஒருநாள் அடித்துப்போட்டதுபோல் தூங்கிவிட்டேன். விழித்தால் மணி எட்டு! மெத்தை என் அடியிலேயே இருக்கிறது. வேலைக்குப் போகாத மாஸ்டர் வாசலில் நின்று தண்ணீர் கேன்காரரை அதட்டிக்கொண்டிருந்தார்.

"சத்தமில்லாம பதுக்க வையும்வே! பையன் ஒறங்குதான்."

"மாஸ்டர், ஆறுக்கு எழுப்பணும்னு விதி இருக்கே!" என்று பதறினேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "எழுப்பத்தான் வந்தேன். வாயப் பொளந்துட்டு அப்பிடி ஒறங்குத. கை வரல மக்கா. மேடத்துட்ட சொல்லிராத, என்னா?"

பரீட்சை எழுதினேன், மூன்று பேப்பரிலும் தேறினேன். மேடத்திடம் ஒன்றுவிடாமல் எல்லாம் சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டு மணி நேரத்தை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.