நிரவல் பாடினால் வெள்ளி கெடும்

கல்கத்தாவில் மட்டுமல்ல, உலகத்திலேயே கர்நாடக சங்கீதம் பாடி லேசரை ஓட்டிய ஒரே மனிதர் எங்கள் பூச்சி சார்தான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. புகாராகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், பாலிகஞ்ச் பக்கம் ஓர் ஆய்வகத்தில் அவரிடம் பிஎச்.டி.க்கு மாட்டிக்கொண்டேன். பெஹாலா குளக்கரைகளில் செத்துக் கிடக்கும் தட்டான்பூச்சிகளைப் பொறுக்கி டிபன் டப்பாவில் கொண்டுவருவார். பெயர் அப்படி வந்ததுதான். தட்டான் இறகில் கண்ணுக்குத் தெரியாத தூண்கள் காடு மாதிரி நிற்கும். வெற்றிடப் பெட்டிக்குள் வெள்ளித் தகட்டை லேசர் விட்டுவிட்டு அடிக்கும். தெறிக்கிற வெள்ளி இறகில் போய்ப் படியும். தூண்களின் தலையில் தனித்தனி மணிகளாக உட்கார்ந்தால் நல்ல சாம்பிள்; அதன்மேல் வைக்கிற துளி ரசாயனம்கூட ஒளி பட்டால் பெரிய சிக்னல் கொடுக்கும். கொஞ்சம் கூடிப்போனால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். பிறகு அது முகம் பார்க்கிற கண்ணாடி. குப்பைக்குத்தான் போக வேண்டும்.

எப்போது நிறுத்துவது? மனிதர் கடிகாரம் பார்க்க மாட்டார். பம்பின் ரீங்காரம் சுருதி, லேசரின் டிக்டிக் தாளம். ஒரே கீர்த்தனைதான். சரணம் முடிந்ததும் அணைப்பார்.

"கடியாரம் நின்னு போகும்டா. நான் காலப்பிரமாணம் தப்பினதுண்டா?"

தப்பாது. ஆனால் குஷி வந்தால் சரணத்தின் கடைசி வரியில் நிரவலுக்குப் போய்விடுவார். அந்த ஒரே வரியைத் திருப்பித் திருப்பி, விதவிதமாக. லேசர் அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். பக்கத்து அறை வங்காளிகள் வாசலில் நின்று, "கீ ஷுந்தோர், தாதா!" என்று அழகை வியந்து தலையாட்டுவார்கள். உள்ளே என் பிஎச்.டி. கண்ணாடியாகிக்கொண்டிருக்கும்.

உதவித்தொகை முடியப்போகிறது. குளிர் வந்து தட்டான்களும் போய்விட்டன. மிச்சம் ஒரே ஓர் இறகு.

"சார், இது போனா நான் போனேன். தயவுசெஞ்சு வாயை மூடிக்கிட்டு இருங்க."

முகம் சுருங்கிவிட்டது. "உள்ள நின்னா வந்துடும்டா. நீயே பண்ணு" என்று வராந்தாவுக்குப் போனார்.

கடிகாரத்தோடு நின்றேன். எத்தனை நிமிஷம்? தெரியவில்லை. அந்த லேபில் யாரும் நிமிஷத்தில் அளந்ததே இல்லை.

"சார், வாங்க. பாடித் தொலைங்க. நிரவல் மட்டும் வேணாம்."

"அது என் கையிலயாடா இருக்கு?"

பாடினார். கடைசி வரி வந்தது. கண் மூடியது, கை காற்றில் ஏறியது. தொலைந்தேன் என்று நினைத்தேன். பாதி வரியில் சட்டென்று நிறுத்தி, சுவிட்சை அணைத்தார்.

"வரி முடியலையே சார்?"

"முடிச்சா விடமாட்டேன்டா. போதும்."

சிக்னல் வந்தது. பட்டமும் வந்தது.

இப்போது என் லேபில் கணினியே எண்ணி அணைக்கிறது. ஒரு சாம்பிளும் கெடுவதில்லை. ஆனால் பம்ப் ரீங்கரிக்க ஆரம்பித்தால் அந்தப் பாதி வரி வந்து நிற்கிறது. நானாவது முடித்துவைக்கலாம் என்றால், எனக்குப் பாட வராது.