செத்துப்போன கிளிகளின் சத்தம்

பொய் சொல்லத் தெரியாதவன் என்று கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதை என் வீட்டுக் குளியலறையில் வைத்துத் தொலைத்தேன்.

எல்லாம் ஒரு ஜோடி சன் கான்யூரால் வந்தது. மஞ்சளும் ஆரஞ்சுமாக, பார்க்கக் கொள்ளை அழகான கிளிகள். குரல் மட்டும் பொள்ளாச்சி லாரியின் ஹாரன். (கடையில் பார்த்தபோது அவை சாப்பிட்டுக்கொண்டிருந்தன. ஏமாந்துவிட்டேன்.)

பக்கத்து வீட்டு மும்தாஜ் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு ட்யூட்டி முடிந்து காலையில்தான் வந்து படுப்பார். அவர் படுக்கும் நேரம்தான் என் கிளிகள் கத்தும் நேரம்.

"ஏனுங்கண்ணா, ஒரு நாலு மணி நேரமாச்சும் தூங்கோணுமுங்க. நேத்து மருந்து எடுத்துக் குடுக்கறப்போ கண்ணு சொக்கிருச்சு. பயமாப் போச்சுங்க" என்றார் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று.

நானும் முயன்றேன். கூண்டைப் போர்வையால் மூடினேன். உள்ளேயிருந்து இன்னும் ஆங்காரமாகக் கத்தின. கடைசியில், கத்தும்போதெல்லாம் சூரியகாந்தி விதை கொடுத்து வாயை அடைத்தேன். கத்தினால் விதை வரும் என்று இரண்டே நாளில் அவை கற்றுக்கொண்டன. நான் ஒன்றும் கற்கவில்லை.

ஒரு நாள் என் மனைவி சுதா, கிளிகளுக்கு நகம் வெட்டக் கூண்டோடு பக்கத்திலிருக்கும் சித்தூருக்கு மிருக டாக்டரிடம் போனாள். அப்படியே அம்மா வீட்டுக்கும் போய்விட்டாள். பகல் முழுக்க வீடு நிசப்தம். சாயங்காலம் மும்தாஜ் தெளிந்த முகத்தோடு வந்தார்.

"என்னங்கண்ணா, சத்தத்தையே காணோம்?"

"அதுக போயிருச்சுங்க" என்றேன். டாக்டரிடம் என்று சொல்வதற்குள் அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"யா அல்லா. ரெண்டுமா?"

யோக்கியன் என்றால் அங்கேயே விளக்கியிருப்பான். இனிமேல் புகாரே வராது என்று நினைத்தேன் நான். தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் சத்தம்னு சொல்லப்போயித்தானே போர்வையப் போட்டு மூடுனீங்க. மூச்சு முட்டிருச்சுங்களா?" அவர் கண் கலங்கிவிட்டது.

"அதெல்லாம் இல்லீங்க. வயசாயிருச்சு." (அவற்றுக்கு ஒன்றரை வயது.)

அன்றிரவு கிளிகளோடு திரும்பி வந்த சுதா, நடந்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதா? இப்பவே போய்ச் சொல்லிப்போட்டு வாங்க."

நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று நாள் ஓட்டினேன். கிளிகள் பின்பக்கக் குளியலறையில், கவிழ்த்த பக்கெட்டின் மேல் கூண்டோடு இருந்தன. நான் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்து, வாயைத் திறக்குமுன்பே விதையை நீட்டிக்கொண்டிருந்தேன். குளிப்பதெல்லாம் எங்கள் தோப்பு மோட்டார் தொட்டியில்.

நான்காம் நாள் மும்தாஜும் அவர் கணவர் காஜாவும் வந்தார்கள். காஜா கையில் துணி மூடிய சின்னக் கூண்டு.

"லவ் பேர்ட்ஸுங்கண்ணா. இதுக மெதுவாத்தான் கத்துமாமுங்க. அதுகளுக்கு ஈடாகாது, தெரியுமுங்க. எனக்கு மனசு கேக்கலீங்க."

"எதுக்குங்க இதெல்லாம்" என்றேன். வெட்கமில்லாமல் குரல் வேறு தழுதழுத்தது.

காஜா துணியை எடுத்தார். லவ் பேர்ட்ஸ் கீச்சென்றன. குளியலறையிலிருந்து லாரி ஹாரன் பதில் சொன்னது. டைல்ஸ் பதித்த அறை வேறு. தெருமுனை வரை கேட்டிருக்கும்.

காஜா எழுந்துபோய்க் குளியலறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

"ரெண்டும் இருக்குது" என்றார் மனைவியிடம்.

சுதா சுவரைப் பார்த்து நின்றாள். மும்தாஜ் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உசுரோட இருக்குதுகளே, அது போதுமுங்க. மூணு நாளாப் பொட்டுத் தூக்கமில்லீங்கண்ணா. நாந்தான் கொன்னுபோட்டேன்னு நெனச்சுட்டே கெடந்தேன்."

ஹாரனுக்கு நடுவில்கூடக் கொஞ்சம் தூங்கிய மனுஷியை, சத்தமே இல்லாமல் விழிக்க வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். என்ன வார்த்தைகள் வந்தன என்று நினைவில்லை, சரியானவை வரவில்லை.

மறுநாளிலிருந்து பகலில் கிளிகளை என்னோடு தோப்புக்குக் கொண்டுபோனேன். சத்தம் போடாமல் இருந்தால் மட்டும் விதை. ஒன்றிரண்டு மாதத்தில் பாதி அடங்கின. லவ் பேர்ட்ஸ் எங்கள் வராந்தாவில் இருக்கின்றன. மும்தாஜ்தான் வந்து தினை போடுவார்.

இப்போது ஊரில் யார் இறந்த செய்தி வந்தாலும் காஜா என்னிடம் மெல்லக் கேட்பார்: "பாத்ரூம்ல பாத்தாச்சுங்களா?" போன மாதம் என் பெரியப்பா இழவு வீட்டிலேயே காதோரம் கேட்டுவிட்டார். துண்டால் வாயைப் பொத்திக் குலுங்கினேன். அழுகிறேன் என்று நினைத்து ஒருவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். பெண்கள் பக்கமிருந்து மும்தாஜ் மட்டும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்.