மூன்றாவது தளமும் மூங்கில் கழியும்

வாழ்க்கையில் நான் பெரிய தப்பு எதுவும் செய்ததில்லை. ஒரே ஒரு பொய் சொன்னேன். ஒரு கம்ப்யூட்டர் கேமைக் கடைசி வரை ஆடி முடித்துவிட்டேன் என்று சொன்னேன். அதையே ஆறு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். (இதுக்கா இவ்ளோ பில்டப் என்று கேட்காதீர்கள். அந்தப் பொய்யால் என் மணிக்கட்டு எலும்பில் விரிசல் விழுந்தது. போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரை விஷயம் போகப் பார்த்தது.)

தொண்ணூறுகளின் கடைசியில் ஆரணியில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி போகவேண்டும். மொத்தம் ஆறு கம்ப்யூட்டர். மூலையில் இருந்ததில் யாரோ ஒரு விண்வெளி விளையாட்டை ஏற்றி வைத்திருந்தார்கள். வகுப்பு முடிந்ததும் அதற்குத்தான் அடிதடி.

கதை இதுதான். எங்கேயோ நட்சத்திரங்களுக்கு நடுவில் ஒரு பெரிய கப்பல். அதில் இருந்த அத்தனை பேரும் காணாமல் போய்விட்டார்கள். நாம்தான் மிச்சம் இருக்கிற ஒரே இன்ஜினியர், அதுவும் பெண். கையில் ஒரு துப்பாக்கி, அதன் முனையில் ஒரு சின்ன டார்ச். டார்ச் வெளிச்சம் படுகிற இடம் தவிர மற்றதெல்லாம் கும்மிருட்டு. சுவருக்குள் ஏதோ ஒன்று நம்மோடு கூடவே வரும். கண்ணில் படாது. சத்தம் மட்டும் கேட்கும். டொக்... டொக்... டொக்...

முதல் இரண்டு தளத்தையும் எப்படியோ தாண்டிவிடுவேன். மூன்றாவது தளத்தில் லிஃப்ட் கதவு திறக்கும். எதிரே நீளமான இருட்டு நடைவழி. அந்த நடையில் நான் கால் வைத்ததே இல்லை. கதவு திறந்ததும் கண்ணை மூடிக்கொண்டு விளையாட்டை விட்டு வெளியே வந்துவிடுவேன். பதினோரு தடவை லிஃப்ட் திறந்தது. பதினோரு தடவையும் வெளியே வந்தேன்.

பன்னிரண்டாவது தடவைக்கு முன்னால் என் வகுப்புத் தோழி வசந்தி கேட்டாள்.

"மூணாவது தளம் தாண்டிட்டியாடி?"

"அத எப்பவோ முடிச்சிட்டேன்."

"ஐயையோ! கடைசில இன்னாதான்டி வரும்?"

"சொன்னா உனக்கு சப்புனு போய்டும். நீயே ஆடிப் பாரு."

எவ்வளவு அருமையான பதில் பாருங்கள். அடுத்த ஆறு வருடமும் அந்த ஒரே பதிலை வைத்து ஓட்டினேன்.

படிப்பு முடிந்து அதே சென்டரில் நான் டீச்சரானேன். பையன்கள் வந்து, "மேடம், மூணாவது தளத்துல இன்னா பண்றது?" என்று கேட்பார்கள். நான் ஃபைலை மூடிவிட்டு நிதானமாகச் சொல்வேன்: "பயப்படாம நடந்து போ. நீ பயந்தாதான் அது வரும்." (எனக்கே இதைக் கேட்கும்போது மெய்சிலிர்க்கும்.)

அப்படிக் கேட்டவர்களில் ஒருத்தன் சேவூர் சுரேஷ். அவன் வீட்டில் அண்ணனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எங்க மேடம் இருக்காங்கம்மா. எதுக்கும் அஞ்சாதவங்க" என்று அவன்தான் போய்ச் சொன்னான். கல்யாணமும் நடந்தது. சீர்வரிசைப் பாத்திரங்களோடு அந்தப் பொய்யும் சேவூருக்கு வந்து இறங்கியது.

சேவூர் வீட்டில் ஐந்து பேர். முன்கூடத்தில் தறி. மாமனார் நெய்வார். மாமியார் நூல் சுற்றித் தருவார். என் கணவருக்குச் செய்யாறு பக்கம் கம்பெனி வேலை, ஷிஃப்ட் பார்த்து கம்பெனி பஸ் வரும். சுரேஷ் புடவை பார்டர் டிசைன் போட ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் பின்னறையில் வைத்திருந்தான். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் அவன் கையில் ஒரு பழைய சி.டி.யோடு வந்து நின்றான்.

"அண்ணி, இன்னா கொண்ணாந்துகிறேன் பாருங்க! நீங்க முடிச்ச கேமு!"

வயிற்றுக்குள் லிஃப்ட் கதவு திறந்தது.

மூன்று வாரம் சமாளித்தேன். தலைவலி என்றேன். கண் எரிகிறது என்றேன். துணி ஊறுகிறது என்றேன். ஊறாத துணியை எடுத்து ஊறவைத்தேன். கடைசியில் மாமியாரே பரிந்து பேச வந்துவிட்டார். எங்கள் அத்தை குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கறிவேப்பிலைக்காரரிடம்கூட ரகசியம் பேசுகிற மாதிரிதான் பேசுவார். "பாவம்மா, எத்தினி நாளா கேட்டுகினு கீறான். செத்த நேரம் ஆடிக் காட்டேன்" என்றார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். என் கணவருக்கு அன்றைக்கும் டியூட்டி. தினமும் மத்தியானம் ஆனால் போகிற கரன்ட்டை நம்பிக் கடைசி நிமிடம் வரை காத்திருந்தேன். அன்றைக்கென்று போகவில்லை. திரையில் வெயில் அடிக்கிறது என்று சுரேஷ் ஜன்னலைச் சாத்தி, அதன்மேல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டான். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். எனக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

இவனை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கண்ணை மூடுவது?

"சுரேஷு, தொண்ட காயுது. ஜல்தியா போயி சேமியா ஐஸ் வாங்கினு வாயேன்" என்றேன்.

"நா வர்றதுக்குள்ள முடிச்சிடாதீங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அவன் திரும்புவதற்குள் மூன்றாவது தளத்தை ரகசியமாக ஒருமுறை தாண்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது என் திட்டம்.

ஆடத் தொடங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைப் பார்த்தா பயந்தோம்? ஆறு வருடத்துக்கு முன்னால் அவ்வளவு நிஜமாகத் தெரிந்த அந்த இன்ஜினியர் பெண்ணின் முகம் இப்போது அட்டைப்பெட்டியில் கண் வரைந்த மாதிரி இருந்தது. ஓடினால் கால் ஒரு பக்கம், நிழல் ஒரு பக்கம் போனது. சுவரில் டொக் டொக் என்று கேட்டபோதுகூட நான் அசரவில்லை. முன்கூடத்தில் மாமா நெய்துகொண்டிருந்தார். அந்தத் தறிச் சத்தத்தோடு சத்தமாக இதுவும் கலந்துவிட்டது. எது கேம், எது தறி என்றே தெரியவில்லை. எல்லாமே தறிதான் என்று வைத்துக்கொண்டேன். முதல் தளம் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. லிஃப்டில் ஏறினேன்.

கதவு திறந்தது. அதே நடை. அதே இருட்டு.

வெளியே வருகிற பட்டன்மேல் போன விரலை வலுக்கட்டாயமாக எடுத்தேன். "பயந்தாதான் அது வரும்" என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முதல் தடவையாக அந்த நடையில் கால் வைத்தேன். டார்ச் வெளிச்சம் இரண்டடி தூரம்தான் போனது. தரையில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு கையுறை. டொக்... டொக்... தறிதான், தறிதான், மாமாதான் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

அப்போது முன்கூடத்தில் மாமா தறியை நிறுத்திவிட்டு, "கொஞ்சம் தண்ணி குடு" என்று அத்தையிடம் கேட்டது காதில் விழுந்தது.

தறி நின்றுவிட்டது.

டொக்... டொக்... டொக்...

கால்கள் தாமாக நாற்காலிமேல் ஏறிக்கொண்டன. கை இரண்டும் கீபோர்டைப் பிடித்தது பிடித்தபடி இறுகிவிட்டது. வெளியே வரும் பட்டன் எங்கே இருக்கிறது என்று பாடம் நடத்தியவள் நான். அந்த நேரம் அது எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. சத்தம் இடது சுவரிலிருந்து மேலே ஏறியது. கூரையில் நகர்ந்தது. சரியாகத் தலைக்கு மேல் வந்து நின்றது. நானும் நின்றேன். திரையில் டார்ச் மினுக் மினுக் என்று அணைந்து எரிந்தது. ஒரு விநாடி முழு இருட்டு. மறுபடி வெளிச்சம் வந்தபோது, திரை முழுக்க ஒரு வாய்.

நான் கத்திய கத்து அக்கம்பக்கத்துத் தறியையெல்லாம் நிறுத்தியது என்று சொல்வார்கள். எனக்கு நினைவில்லை. கத்திக்கொண்டே இருந்தேன் என்பது மட்டும் தெரியும்.

இப்போது அத்தை பக்கம் இருந்து பாருங்கள். தண்ணீர்ச் சொம்போடு ஓடி வருகிறார். இருட்டறை. மெஷினிலிருந்து நீல வெளிச்சம் பளிச் பளிச் என்று அடிக்கிறது. மருமகள் நாற்காலிமேல் குந்தி, இரண்டு கையும் மெஷினோடு ஒட்டிக்கொண்டு, தலைமுடி பறக்க (டேபிள் ஃபேன்), கண் பிதுங்க, உடம்பெல்லாம் உதற அலறிக்கொண்டிருக்கிறாள். அதற்கு முந்தின மாசம்தான் தெருவில் ஒருத்தரை மோட்டார் கரன்ட் இழுத்து, கட்டையால் அடித்துப் பிரித்தெடுத்திருந்தார்கள்.

"ஐயோ! கரன்ட்டு புடிச்சிகினு வுடமாட்டேங்குதே!"

தறிக்குப் பாவு நூலை நீட்டிக் கட்டும்போது ஊன்றுகிற மூங்கில் கழி கதவோரம் சாத்தியிருந்தது. அத்தை அதை எடுத்தார்.

திரையில் அந்த வாய் என்மேல் பாய்ந்த அதே நொடியில் என் முதுகில் நிஜமாகவே ஓர் அடி விழுந்தது. என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கேம் வெளியே வந்துவிட்டது! ஆறு வருடம் காத்திருந்து, சேவூர் வரை தேடி வந்து என்னைப் பிடித்துவிட்டது! முன்னைவிடப் பலமாகக் கத்தினேன். கத்தல் அதிகமானதால் கரன்ட் அதிகமாகிவிட்டது என்று அத்தை நினைத்தார். இரண்டாவது அடி தோளில். மூன்றாவது, கையைப் பிரித்தெடுக்க வேண்டுமே, மணிக்கட்டில்.

"மெயின ஆஃப் பண்ணுங்க!" என்று அத்தை அலற, மாமா ஓடிப்போய் மெயினை இழுத்தார். வாய் மறைந்தது. நான் நாற்காலியோடு சாய்ந்தேன்.

கதவைத் திறந்துகொண்டு முதலில் வந்தவர் எதிர்வீட்டு ராணியக்கா. அவர் பார்த்தது: தரையில் அழுதுகொண்டிருக்கும் மருமகள், கையில் கழியோடு மாமியார். அவ்வளவுதான். யாரையும் அவர் எதுவும் கேட்கவில்லை. எனக்கு டாக்டர் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்புவதற்குள் செய்தி ஆரணிக்குப் போய், அங்கிருந்து என் அப்பாவும் அண்ணனும் ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தார்கள். வாசலில் தெருவே நின்றது.

"எங்க வூட்டுப் பொண்ண கட்டையால அடிப்பீங்களா? கேக்க ஆளில்லனு நெனச்சிகினீங்களா?" அண்ணன் குரல் தெருக்கோடி வரை கேட்டது.

"கரன்ட்டு அடிச்சிதுனு நெனச்சி..." என்றார் மாமா.

"கரன்ட்டு அடிச்சிதா? ஏம்மா கலா, அடிச்சிதா?"

"இல்ல" என்றேன். என்ன செய்வது, அடிக்கவில்லையே.

"கேட்டீங்களா? ஸ்டேஷனுக்குப் போலாம், வாங்க!"

அத்தை சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மாமா மறுபடி, "கேம் ஆடிகினு இருந்துதுங்க, கத்துச்சி..." என்று ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து சுரேஷ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். கையில் உருகி ஒழுகிக்கொண்டிருக்கும் சேமியா ஐஸ். ஊரில் கிடைக்காமல் ஆரணி வரை போய் வாங்கி, வீட்டை நெருங்கும்போது சைக்கிள் பஞ்சராகி, தள்ளிக்கொண்டே வந்திருக்கிறான். என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து அவன் சொன்னது இது:

"கேமுக்கா? எங்க அண்ணி கேமுக்கெல்லாம் கத்தமாட்டாங்க. அவங்க எப்பவோ முடிச்சிட்டாங்க அத!"

கூட்டம் அத்தையைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையை நான் மறக்கவே மாட்டேன். சுவருக்குள் வந்த சத்தத்தைவிட, திரை முழுக்க வந்த வாயைவிட அதுதான் எனக்கு அதிக பயத்தைக் கொடுத்தது. நான் இப்போது வாயைத் திறக்காவிட்டால் இந்தம்மா காலத்துக்கும் மருமகளை அடித்தவர்.

"நான் முடிக்கல" என்றேன்.

"இன்னா முடிக்கல?" என்றான் அண்ணன்.

"அந்த கேம. மூணாவது தளத்த தாண்டுனதே இல்ல. பயம். இன்னிக்கும் பயந்துதான் கத்துனேன். அத்த கரன்ட்டுனு நெனச்சிட்டாங்க."

"பொம்மைக்கா கத்துன?"

"ஆமா."

"நா ஆட்டோ வெச்சிகினு வந்து தெருவக் கூட்டி கத்திகினு கீறேன். பொம்மைக்கா?"

சுரேஷ், "முடிக்கவே இல்லியா அண்ணி?" என்றான். ஐஸ் கீழே விழுந்தது. அவனுக்கு அது தெரியவில்லை.

என் அப்பா அதுவரை ஆட்டோ பக்கத்திலேயே நின்றிருந்தார். அத்தை பக்கத்தில் போய், "ஏங்க, கழி காஞ்சதுதானே? ஈரமா இல்லியே?" என்றார்.

அத்தை புரியாமல் தலையாட்டினார்.

"நெஜமா கரன்ட்டு இருந்து, கழியும் ஈரமா இருந்திருந்தா உங்களையும் இழுத்திருக்கும்" என்றார் அப்பா. பிறகு அண்ணனைப் பார்த்து, "கரன்ட்டுனு நெனச்சும் கிட்ட போயிகிறாங்கடா. மன்னிப்பு கேளு" என்றார்.

அண்ணன் கேட்டான். அத்தை அப்போதுதான் அழ ஆரம்பித்தார். நானும் அழுதேன். ராணியக்காவும் அழுதார் (அவருக்கு எதற்கு என்று இன்றுவரை தெரியாது). டியூட்டி முடிந்து வந்த என் கணவரிடம் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரைக்கும் நாலு பேர் நாலு கதை சொல்லியிருந்தார்கள். ஒரு கதையில் நான் இறந்தே போயிருந்தேன்.

மணிக்கட்டு ஆறு வாரத்தில் சரியாகிவிட்டது. மாமாவுக்குத்தான் அந்தப் பழக்கம் விடவில்லை. அடுத்த வருடம் ஒரு ராத்திரி எனக்குப் பிரசவ வலி கண்டு நான் முதல் கத்து கத்தியபோது, எல்லோரும் ஆட்டோவுக்கு ஓடினார்கள். அவர் ஒருத்தர் மட்டும் நேராக ஓடிப்போய் மெயினை இழுத்தார். இருட்டில் என் பை எங்கே, செருப்பு எங்கே என்று தேடியதில்தான் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

அன்று பிறந்த என் மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். சமையலறையில் நான் பல்லியைப் பார்த்தோ, குக்கர் விசில் கேட்டோ வீல் என்று கத்தினால், அவள் புத்தகத்திலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல் குரல் கொடுக்கிறாள்.

"தாத்தா, மெயினு!"

அவரும் எழுந்து போகிறார்.