தேர்வான அதிகாரி மீது மூன்று புகார்கள்

நோட்டீஸ் போர்டு முன்னால் எட்டு விமானிகள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறாத குறையாக நின்றிருந்தார்கள். ஆகாயத்தில் ஆளுக்கொரு விமானம் கொடுத்திருந்த விமானப்படைப் பயிற்சிப் பள்ளி, தரையில் எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சுற்றறிக்கையைத்தான் ஒட்டியிருந்தது.

"பள்ளிக்கு ஒருத்தருக்குத்தானாம்," என்றார் முன்னால் நின்றவர்.

"என்ன ஒருத்தருக்கு? சத்தமாப் படிய்யா!" என்றார் கடைசியில் நின்ற 'பூப்போல' சார்.

எட்டுப் பேரும் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்கள். அதில் இவர் மூத்தவர். பதினாறு வருடமாக, தரையிறங்கும் ஒவ்வொரு பயிற்சி விமானியின் பின்சீட்டிலும் உட்கார்ந்து இவர் கத்துகிற வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: "பூப்போல எறக்கு! பூப்போல!" அந்தக் கத்தலில் பூவின் சாயல் துளியும் இருக்காது. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது.

விஷயம் இதுதான். படை செலவழித்துப் பழக்கிவிட்ட விமானிகள் எல்லாம் தனியார் விமானக் கம்பெனிகளுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓட்டத்தை நிறுத்த மேலிடம் சம்பள விதிகளை மாற்றியிருந்தது. பள்ளிக்கு ஓர் ஆசிரியர் தேர்ந்தெடுக்கப்படுவார். அவர் இன்னும் பத்து வருடம் படையிலேயே இருக்கலாம். சம்பளத்தில் பாதி கூடுதல் படி, முன்வரிசையில் தோட்டத்தோடு வீடு, பிள்ளைகளின் படிப்புச் செலவு எல்லாம் உண்டு. பெயர் வெள்ளிக்கிழமைதான் அறிவிக்கப்படும், அதுவரை ரகசியம். ஆட்சேபணை உள்ளவர்கள் வியாழக்கிழமைக்குள் கையெழுத்தில்லாமல் எழுதிப் பெட்டியில் போடலாம்.

பெயரே தெரியாத ஆள்மேல் எப்படிப் புகார் எழுதுவது என்று யாரும் கேட்கவில்லை. சுற்றறிக்கையைக் கேள்வி கேட்கும் பழக்கம் அங்கே இல்லை.

பூப்போல சார் நேராகச் சம்பளப் பிரிவுக்குப் போனார். எல்லாக் காகிதமும் அங்கே இருக்கும் அம்மாளைத் தாண்டித்தான் போகவேண்டும்.

"யாரும்மா அது?"

"உறை வந்தாச்சு சார். நான்தான் பதிவு பண்ணேன். ஆனா சொல்லக்கூடாது."

"மொத எழுத்து மட்டும்?"

"சார்!" அம்மாள் வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்குங்களேன்."

வெளியே வந்தவர் அந்தச் சிரிப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தனக்குக் கிடைத்திருந்தால் இப்படியா சிரிப்பாள்? எழுந்து நின்று வாழ்த்துச் சொல்லியிருக்க மாட்டாளா? ஆக, தான் இல்லை. அப்படியானால் யார்?

கேன்டீன் வாசலிலேயே விடை கிடைத்தது. உள்ளே மீசை எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

எட்டுப் பேரில் ஒருவனான மீசை இவருக்கு இரண்டு வருடம் இளையவன்; முகத்தில் இருக்கும் முரட்டு மீசையால் வந்த பெயர். டீ குடித்து முடித்ததும் பர்ஸைத் தேடுவான்; தேடி முடிப்பதற்குள் வேறு யாராவது கொடுத்துவிடுவார்கள். அப்படிப்பட்டவன் இன்று பிஸ்கட்டும் சேர்த்து வாங்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, வாங்க வாங்க! இன்னிக்கு எல்லாம் நம்ம செலவு."

"என்ன தம்பி விசேஷம்?"

"வெள்ளிக்கிழமை சொல்றேண்ணே." மீசை அவர் தோளில் கை போட்டான். "உங்களுக்கும் எல்லாம் நல்லபடியா நடக்கும், பாருங்க."

வெள்ளிக்கிழமை! பூப்போலவின் வயிற்றுக்குள் டீ இறங்குவதற்கு முன்பே கொதிக்க ஆரம்பித்தது. ஆறுதல் வேறு சொல்கிறானே! ஜெயித்தவன் தோற்றவனுக்குச் சொல்கிற ஆறுதல்!

இந்தப் புகைச்சல் இன்று நேற்றையது அல்ல. ஜெட் விமானம் முதலில் மீசைக்குத்தான் கிடைத்தது. வெளிநாட்டுப் பயிற்சிக்கு மீசைதான் போனான். ஆளை விடுங்கள், அவன் முகத்து மீசைமேலேயே இவருக்குப் பொறாமை. ஒரு விடுமுறையில் தானும் வளர்த்துப் பார்த்தார். முகம் துடைக்கும்போது ஏதோ விட்டுப்போச்சு என்று மனைவி துண்டை நீட்டினாள். அன்றே மழித்துவிட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி ஆரம்பித்தாள்.

"என்னங்க, மீசை வீட்டுல அட்டைப்பெட்டியா வந்து எறங்குது. பாத்திரத்தையெல்லாம் கட்டுறாங்க. தையல்காரர் வேற வந்து அவருக்கு அளவு எடுத்துட்டுப் போறார். என்னன்னு கேட்டா, வெள்ளிக்கிழமை சொல்றேன்னு அவரு சம்சாரம் சிரிக்கிறா."

"முன்வரிசை வீட்டுக்குப் போறாங்க. வேறென்ன?"

"போகட்டுமே. நமக்கு இந்த வீடு போதாதா?"

"மழை பெஞ்சா ஒழுகுதுன்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன்தான். அதுக்காக அவங்க நனையணுமா?"

பூப்போல அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காகிதம் எடுத்தார். மீசையின் பெயரை எழுதினால், ரகசியம் எப்படித் தெரிந்தது என்று விசாரணை வரும். அதனால் ஜாக்கிரதையாக எழுதினார்: 'தேர்வான அதிகாரிக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடித்துத்தான் படிக்கிறார்.'

எழுத்துப்பிழை இருக்கிறதா என்று, காகிதத்தைக் கை நீட்டிப் பிடித்து இரண்டு தரம் படித்துப் பார்த்தார். பிறகு போய்ப் பெட்டியில் போட்டார்.

மறுநாள் காலை உத்தரவு வந்தது. தேர்வானவர் யாரென்று காட்டிக்கொடுக்கக் கூடாதல்லவா? அதனால் எட்டுப் பேருக்கும் கண் பரிசோதனை.

மீசை உள்ளே போய், கண்ணைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தான். செத்தான் என்று நினைத்தபடி பூப்போல உள்ளே போனார்.

"கடைசி வரியைப் படிங்க," என்றார் கண் டாக்டர்.

"எந்த வரி டாக்டர்?"

"சரி, அதுக்கு மேல் வரி."

"வரி எங்க இருக்கு?"

டாக்டர் பெருமூச்சு விட்டார். சாயங்காலம் பூப்போல வீட்டுக்கு வந்தபோது மூக்கின்மேல் கனத்த கண்ணாடி ஒன்று உட்கார்ந்திருந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் மனைவி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. அவள் தோள் மட்டும் குலுங்கியது.

இதற்கும் மீசைதான் காரணம் என்று தோன்றியது. இரண்டாவது புகார் அன்றைக்கே பெட்டிக்குள் விழுந்தது: 'தேர்வான அதிகாரியின் உடம்பில் தெம்பு இல்லை. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.'

புதன்கிழமை காலை எட்டுப் பேரும் ஓடுபாதையைச் சுற்றி ஓடவேண்டியதாயிற்று. உடற்பயிற்சி மாஸ்டர் விசில் ஊதினார். முதல் வளைவிலேயே பூப்போலவின் கண்ணாடி ஒரு பக்கம் சரிந்தது. அதைப் பிடிக்கப்போய், கணுக்கால் இன்னொரு பக்கம் மடங்கியது. "ஐயோ!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் தாண்டிப் போனார்கள். முன்னால் ஓடிக்கொண்டிருந்த மீசை மட்டும் திரும்பி வந்தான்.

"அண்ணே, எந்திரிங்க. எம்மேல சாஞ்சுக்குங்க."

"நீ போ தம்பி. நான் வந்துடுவேன்."

"உங்கள விட்டுட்டு நான் எங்கண்ணே போறது? இந்த ஓட்டத்துல நான் மொதல்ல வந்து என்ன ஆகப்போகுது?"

இரண்டு பேரும் நொண்டி நொண்டிக் கடைசியாக வந்து சேர்ந்தார்கள். ஓடாமலே பத்து வருடம் கிடைத்துவிட்ட கொழுப்பு, அதனால்தான் இப்படிப் பேசுகிறான் என்று பூப்போல பல்லைக் கடித்தார். ஒரே ஒரு ஆறுதல்: மீசையும் கடைசி.

கணுக்காலில் கட்டோடு மூன்றாவது புகாரை எழுதினார்: 'தேர்வான அதிகாரி பயிற்சி விமானிகளிடம் கடுமையாக நடந்துகொள்கிறார்.' மீசை ஒரு தடவை ஒருத்தியைப் பார்த்து, "ஏம்மா இப்படிப் பண்ற?" என்று கேட்டதை இவர் தன் காதாலேயே கேட்டிருக்கிறார்.

வியாழக்கிழமை காலை பயிற்சி விமானிகள் எல்லோரையும் உட்காரவைத்து, ஆசிரியர்களைப் பற்றி எழுதி வாங்கினார்கள். எழுதிவிட்டு வந்த ஒருத்தியை விமானக் கொட்டகை வாசலில் பூப்போல மடக்கினார்.

"என்னைப் பத்தியும் எழுதினியாம்மா?"

"எழுதினேன் சார்."

"என்ன எழுதின?"

"உண்மையத்தான் சார் எழுதினேன்."

"என்ன உண்மை? என்ன உண்மைன்னு கேக்கறேன்!" கொட்டகைக்குள் எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்த மெக்கானிக்குகள் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதத்தான் சார்," என்றாள் அவள்.

மத்தியானம் பள்ளியின் தலைவரான கமாண்டன்ட்டிடமிருந்து பூப்போலவுக்கு அழைப்பு வந்தது. புகார் எழுதியது யாரென்று தெரிந்துவிட்டதோ?

"உட்காருங்க," என்றார் கமாண்டன்ட். மேசைமேல் மூன்று காகிதங்கள் இருந்தன. "தேர்வான அதிகாரி மேல மூணு புகார் வந்திருக்கு."

"அப்படியா சார்!" முகத்தில் எவ்வளவு ஆச்சரியம் காட்டலாமோ அவ்வளவும் காட்டினார்.

"கண்ணு, உடம்பு, வாய். மூணையும் சோதிச்சாச்சு. மூணும் நெசம்."

பூப்போலவின் வயிற்றில் நான்கு நாளாக எரிந்த அடுப்பு அணைந்தது. ஆக, மீசையும் கண் பரிசோதனையில் தேறவில்லை!

"பெரிய குத்தம் ஒண்ணும் இல்ல," என்று தொடர்ந்தார் கமாண்டன்ட். "கண்ணாடி போட்டாப் போச்சு, கொஞ்சம் ஓடினாப் போச்சு. நான் நெனச்சா மூணையும் ஒதுக்கித் தள்ளிடலாம். ஆனா, பேர நான் வெளிய சொல்லக்கூடாது, நீங்களும் கேக்கக்கூடாது. உங்க மனசுல என்ன இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"எங்கிட்டயா சார் கேக்கறீங்க?"

"உங்ககிட்ட கேக்காம வேற யார்கிட்ட கேக்கறது?"

மூத்தவன் என்கிற மரியாதை! பூப்போலவின் மார்பு அரை அங்குலம் விரிந்தது. அந்த விரிவில் எங்கிருந்தோ ஓர் உறுத்தலும் நுழைந்தது. நேற்று தோள் கொடுத்தவன் மீசை. எல்லோரும் தாண்டிப்போனபோது திரும்பி வந்தவன். ஒதுக்கிவிடுங்கள் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

சொல்லத்தான் வாயெடுத்தார். அப்போது பார்த்து ஜன்னலுக்கு வெளியே தையல்காரர் போனார். அவர் கையில் ஹேங்கரில் தொங்கியது பளபளவென்று ஒரு புதுக் கோட்டு. பின்னாலேயே மீசை, அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நடந்தான்.

உறுத்தல் வந்த வழியே போய்விட்டது.

"தகுதியில்லாதவங்களுக்குச் சலுகை போகக்கூடாது சார்," என்றார் பூப்போல.

"யோசிச்சுதான் சொல்றீங்களா?"

"நல்லா யோசிச்சுட்டேன் சார்."

"அந்த வீட்டுல பொண்டாட்டி, புள்ளைங்க எல்லாம் இருக்காங்களே. அவங்களுக்கு வருத்தமா இருக்காதா?"

"அதையெல்லாம் பாத்தா படை உருப்படுமா சார்? கொஞ்ச நாள் அழுவாங்க. அப்புறம் பழகிப்போயிடும்."

கமாண்டன்ட் நாற்காலியை விட்டு எழுந்தார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. பூப்போலவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார்.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு மனுசன நான் பாத்ததில்ல. இருங்க, நீங்க சொன்னதை அப்படியே தட்டச்சுப் பண்ணச் சொல்றேன். படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

காகிதம் வந்தது. கமாண்டன்ட் முன்னால் அந்தக் கனத்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்ள பூப்போலவுக்கு வெட்கமாக இருந்தது. படிப்பதுபோல் காகிதத்தின்மேல் கண்ணை ஓட்டி, இரண்டு இடத்தில் தலையாட்டி, கீழே அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை மைதானத்தில் எல்லோரும் அணிவகுத்து நின்றார்கள். கமாண்டன்ட் மைக்கைப் பிடித்தார்.

"இந்த வருசம் அந்தச் சலுகை நம்ம பள்ளியில யாருக்கும் இல்ல. மேலிடத்துக்கே திருப்பி அனுப்பியாச்சு."

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. பூப்போலவுக்கு மட்டும் காலை வெயில்கூட நிலவு மாதிரி இருந்தது. மீசையின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். அது கறுத்துப்போயிருந்தது. ஆகா!

அணிவகுப்பு கலைந்ததும் மீசை ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டான். உதடு துடிக்க, மீசையும் சேர்ந்து துடித்தது.

"அண்ணே, இப்பத்தான் கமாண்டன்ட் சொன்னாரு. நீங்க பெரிய மனுசண்ணே. யாருக்கு வரும் இந்த மனசு!"

அதிர்ச்சியில் ஆள் உளறுகிறான் என்று பூப்போல முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"மனசத் தளர விடாத தம்பி. இதெல்லாம் வரும், போகும்."

"எனக்கென்னண்ணே, நீங்கதான்..." மீசை கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்துவிட்டான்.

இவ்வளவு பெரிய சந்தோஷத்தை ஒரு ஆள் தனியாக வைத்துக்கொள்ள முடியாது. பூப்போல ஒரு பிஸ்கட் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, வலிக்கிற காலோடு துள்ளித் துள்ளிச் சம்பளப் பிரிவுக்குப் போனார்.

"எடுத்துக்கம்மா. பாவம் அந்த மீசை, கைக்கு எட்டினது இப்படியா போகணும்? முகத்தையே பாக்க முடியல."

அம்மாள் பிஸ்கட்டைத் தொடவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"மீசை சாருக்கென்ன சார் பாவம், அவருதான் வேலைய விட்டுட்டு நாளைக்கே விமானக் கம்பெனியில சேரப் போறாரே, போறதுக்கு முன்னாடி கமாண்டன்ட்கிட்ட நாலு தரம் நடந்து உங்களுக்காக அவர் வாங்கிக்கொடுத்த சலுகைய, எனக்கு வேணாம்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்து இப்ப பிஸ்கட் வேற குடுக்கறீங்களே!"