ஆடியில் இடித்த அடுப்பு

ரேஷன் கடையில் அன்றைக்கு முருகையனுக்கு அளந்த சீனியைப் பொட்டலத்துக்குள் தேட வேண்டியிருந்தது.

"என்னய்யா இது, எறும்புக்கா?" என்றான்.

"ரெண்டு பேருக்கு இவ்வளவுதாண்ணே வரும்" என்றார் கடைக்காரர். "பொண்ணுங்களக் கட்டிக் குடுத்துட்டீங்க. கார்டுலேருந்து பேரும் போயிடுச்சு. இப்ப நீங்களும் அண்ணியும்தானே?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். முருகையன் சிரிக்கவில்லை. அவன் கழகத்தின் கிளைச் செயலாளர். கருப்பு சிவப்புக் கரை போட்ட துண்டு இல்லாமல் கொல்லைக்குக்கூடப் போகமாட்டான். வீடு தேடி நாலு பேர் வருவார்கள், அவர்களுக்கு டீ கொடுக்க வேண்டும். போன மாதம் வட்டச் செயலாளருக்கே வெல்லம் போட்ட டீயைக் கொடுத்துவிட்டு, "உடம்புக்கு நல்லதுங்க" என்று சமாளித்தவன் அவன். அவரும் மரியாதைக்கு இரண்டு வாய் குடித்தார்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில், வாய்க்கால் மதகைத் தாண்டுவதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது. முன்மொழிந்தவனும் வழிமொழிந்தவனும் அவனேதான்.

"அம்சம், பெரியம்மா பேர நம்ம கார்டுல சேக்கப் போறேன்."

அவன் மனைவி அம்சம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை. "எந்தப் பெரியம்மா?"

"எனக்கு எத்தன பெரியம்மா இருக்கு?"

"ஒருத்தங்கதான். அவங்களோட நீங்க பேசுறதில்லையே, அதான் கேட்டேன்."

பேசுவதில்லை என்பது முழு உண்மை அல்ல. இரண்டு பேரும் ஆட்டைப் பார்த்துப் பேசுவார்கள். அதே மனையின் மூலையில் ஒரு கீற்றுக் கொட்டாய் போட்டு, மண் அடுப்பில் தனியாக ஆக்கித் தின்றுகொண்டிருந்தாள் பெரியம்மா காளியம்மாள். "யாரோ வரப்ப வெட்டாம படுத்துக் கெடக்காங்க, பாரு" என்று ஆட்டிடம் சொல்வாள். "சில பேருக்கு வாய்தான் காவேரி" என்று முருகையனும் அதே ஆட்டிடம் பதில் சொல்வான். ஆடு இரண்டு பக்கமும் தலையாட்டும்.

காளியம்மாளைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். திருப்பனந்தாளுக்குத் தெற்கே அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. அறுப்புக் கூலியை உயர்த்தச் சொல்லிப் பண்ணையாரின் களத்தில் மறியல் நடந்தபோது, இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு முன்வரிசையில் நின்றவள். போலீஸ்காரர் ஒவ்வொருவராகக் கேட்டார், களத்தில் நின்றாயா என்று. ஆண்பிள்ளைகள் பாதிப்பேர், வேடிக்கை பார்க்க வந்தோம் என்றார்கள். காளியம்மாள், "நின்னேன். நாளைக்கும் நிப்பேன்" என்றாள். வேனில் ஏற்றினார்கள். அவள் ஜெயிலிலிருந்து திரும்பி வந்த வருஷம் கூலியும் ஏறியது. பிறகு, குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்து, இந்த மனை இந்தக் குடும்பத்துக்குச் சொந்தமானது. அப்பேர்ப்பட்டவள், ஒருநாள் டீக்கடை வழியாகப் போகும்போது, "எங்க பெரியம்மாவுக்கு நான்தான் சோறு போடுறேன்" என்று முருகையன் பெருமையாகச் சொன்னதைக் கேட்டுவிட்டாள். அன்று சாயங்காலமே கொல்லையில் அடுப்பு போட்டுவிட்டாள். அவள் திரும்பி வரவும் இல்லை, அவன் கூப்பிடவும் இல்லை. பெரியப்பா இறந்த பிறகு அவள் தனியாக வளர்த்த பிள்ளைதான் அவன், அதே முறுக்கு அவனிடமும் இருந்தது.

உள்ளதைச் சொன்னால், அவனுக்கு அது வசதியாகவும் இருந்தது. காளியம்மாள் இந்த வீட்டுக்குள் இருந்த காலத்தில் விடிவதற்கு முன் மடைக்குப் போகச் சொல்வாள். மீனில் நடுத்துண்டை அம்சத்துக்கு வைப்பாள். இப்போது இந்த வீட்டில் அதிகாரம் அவனுடையது. நடுத்துண்டும் அவனுடையது. அதை விட்டுக்கொடுக்க அவன் தயாராக இல்லை.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க" என்றான் அம்சத்திடம். "பேரு இங்க. சோறு அங்க."

"சரிங்க" என்றாள் அம்சம்.

அவள் சரி என்று சொன்னாலே அவன் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். மனு எழுதித் தாலுகா ஆபீசில் கொடுத்துவிட்டு வந்து, ஜெயித்த முகத்தோடு அவன் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங்க, இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து அடுப்பப் பாப்பாராமே?"

"பாக்கட்டும்."

"ஒரே மனையில ரெண்டு அடுப்பு எரிஞ்சா ரெண்டு குடும்பம்னு எழுதிட்டுப் போயிடுவாராம். பேரச் சேக்க மாட்டாராம்."

முருகையன் கையில் இருந்த கவளம் பாதி வழியில் நின்றது. "அடுப்பு மேல சாக்கப் போட்டு மூடிடுவோம்."

"அத்தையையும் மூடிடலாமா? எங்க சாப்பிடுறீங்கன்னு கேட்டா, சர்க்கார் ஆளுகிட்ட அவங்க பொய் சொல்லுவாங்களா?"

சொல்லமாட்டாள். போலீசிடமே சொல்லாதவள், சீனிக்காகவா சொல்லப்போகிறாள்?

"அப்ப என்னதான் பண்றது?"

"பொய் சொல்ல மாட்டாங்க. அதனால உண்மையாக்கிட வேண்டியதுதான். அவர் வர்ற அன்னிக்கு ஒரு நாள் அந்த அடுப்பு இருக்கக் கூடாது, அத்தை இங்க சாப்பிடணும். மறுநாள் புதுசாப் போட்டுக் குடுத்துடுங்க. ரெண்டு கூடை மண்ணுதானே?"

"இதத்தான் நானும் நெனச்சுக்கிட்டே இருந்தேன்" என்றான் முருகையன்.

காளியம்மாளிடம் பேசும் பொறுப்பை அம்சம் எடுத்துக்கொண்டாள். கொட்டாயில் புகை மண்டிக் கிடந்தது. ஈர விறகை ஊதி ஊதிக் கிழவிக்குக் கண்ணில் நீர் வடிந்தது. அதை ஒவ்வொரு நாளும் பார்க்கிற அம்சத்துக்கு வயிறு எரியும். வாய்விட்டு வா என்று கூப்பிட்டால் வருகிற ஆள் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

"அவன் குடுக்கிற சோறு எனக்கு வேணாம்" என்றாள் காளியம்மாள்.

"அவரு எங்கத்த குடுக்கிறாரு? சர்க்கார் குடுக்குது. உங்க பேருக்குன்னு உள்ள பங்கு அது. நீங்க வாங்காட்டி வேற எவனோ கள்ளத்தனமா வித்துத் தின்னுட்டுப் போறான்."

காளியம்மாள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "பங்குன்னா விடக்கூடாதுடி" என்றாள்.

ஆடி மாதம் புதுத்தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில் இன்ஸ்பெக்டர் வருவதாகச் செய்தி வந்தது. முருகையன் மண்வெட்டியால் இரண்டே போடு போட்டான், அடுப்பு தூளானது. காளியம்மாள் உள்ளே வந்து உட்கார்ந்து, அம்சம் வைத்த பழையதைச் சாப்பிட்டாள். முருகையன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அடைக்கலராஜ் தரங்கம்பாடிப் பக்கத்துக்காரர். சைக்கிளை நிறுத்தும்போதே மூக்கை உறிஞ்சி, எந்த வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லிவிடக்கூடியவர். அவர் வந்தால் தெருவே வேலியோரம் வந்து நிற்கும்.

"அம்மா, நீங்க எங்க சாப்பிடுறீங்க?"

"இன்னிக்கா? இங்கதான்."

முருகையனுக்கு மூச்சு வந்தது.

"நேத்து?"

"நேத்து என் அடுப்புல."

வந்த மூச்சு போய்விட்டது.

"அந்த அடுப்பு எங்க?"

"இவன் இடிச்சிட்டான்."

அடைக்கலராஜ் பேனாவை மூடிவிட்டு முருகையன் பக்கம் திரும்பினார். "ஏன்யா, வயசான அம்மா ஆக்கித் தின்ன அடுப்ப எதுக்கு இடிச்ச?"

தெரு முழுக்க அவன் வாயையே பார்த்தது. ரேஷன் சீனிக்காக என்று சொன்னால் மனு போய்விடும், மானமும் போய்விடும். கிளைச் செயலாளர் மேடையில் பழகிய குரலை எடுத்தான்.

"என்னைய வளத்தவங்க அவங்க. புகையில உக்காந்து கண்ணு கலங்குறத இனிமே பாக்க முடியாதுங்க. எங்க வீட்டுலதான் சாப்பிடணும், எங்ககூடத்தான் இருக்கணும்னு என் கையாலயே இடிச்சேன்."

வேலியோரம் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அடைக்கலராஜ், "இப்படி ஒரு பிள்ள இந்தக் காலத்துலயா" என்று சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்து எழுதினார். காளியம்மாள் ஆட்டைப் பார்க்கவில்லை. நேராக அவனைப் பார்த்தாள்.

"இத அப்பவே சொல்லியிருந்தா என்னடா?" என்றாள்.

தான் சொன்னது உண்மையாகவே இருக்குமோ என்று முருகையனுக்கே ஒரு சந்தேகம் வந்தது. அன்று முழுக்கத் துண்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் போட்டுக்கொண்டு நடந்தான்.

மறுநாள் காலை காளியம்மாள் விடிவதற்கு முன்னாலேயே அவன் பாயைத் தட்டினாள். "மடைக்குப் போடா." சந்தேகம் தீர்ந்தது. மடைக்குப் போனவன் திரும்பும்போது இரண்டு கூடை களிமண்ணோடு வந்தான்.

"என்னங்க இது?" என்றாள் அம்சம்.

"சொன்னோம்ல, மறுநாளே போட்டுடலாம்னு."

"நீங்கதான் இதெல்லாம் நம்ப மாட்டீங்களே, அதனால சொல்றேன். ஆடியில புது அடுப்பு போட்டா வீட்டு ஆம்பளைக்கு ஆகாதும்பாங்க. நீங்க போடுங்க, உங்களுக்கென்ன பயம்?"

முருகையன் ராகுகாலத்தில், அய்யர் இல்லாமல், மாலை மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டவன். சகுனம் பார்ப்பவர்களை மேடையில் கிழித்தெடுப்பவன். மண்ணுக்குள் விட்ட கையை மெதுவாக வெளியே எடுத்தான்.

"பயமெல்லாம் இல்ல" என்றான். "மண்ணு இன்னும் புளிக்கணும்." கையைக் கழுவிக்கொண்டான்.

அந்த ஆடி நீண்டுகொண்டே போனது. சீனி டப்பாவைக் காளியம்மாள் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். தெருப் பெண்களுக்கெல்லாம் தாராளமாக டீ கிடைத்தது. முருகையனுக்கு, "காலையில ஒண்ணு குடிச்சல்ல?" என்ற கேள்வி கிடைத்தது. விரால் குழம்பில் நடுத்துண்டு அம்சத்தின் தட்டுக்குப் போனது. குழம்பு மட்டும் முன்பைவிட ருசியாக இருந்தது என்பதை அவன் யாரிடமும் ஒத்துக்கொள்ளவில்லை. டீக்கடையில் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, "நான்தான் சேத்தேன்" என்று சொல்லிக்கொண்டான். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

ஆவணி பிறந்த காலையில் அவன் யாருக்கும் முன்பாக எழுந்தான். வாய்க்காலில் புதுக் களிமண் எடுத்து, உமி கலந்து, வெண்ணெய் போலப் பிசைந்து, கூடையில் அள்ளித் தலையில் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு வந்தான். அம்சமும் காளியம்மாளும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"ஆடி முடிஞ்சுது" என்றான். "பெரியம்மாவுக்கு அடுப்பு போட்டுக் குடுத்துடுறேன். இவ்வளவு நாளு ஆடியேன்னுதான் பாத்தேன்."

காளியம்மாள் நிமிர்ந்தாள். "ஆடியில புதுக்குடித்தனம் போகத்தான் மாட்டாங்க. அடுப்புக்கும் ஆடிக்கும் என்னடா?"

முருகையன் அம்சத்தைப் பார்த்தான். அம்சம் கீரையில் பழுத்த இலையைக் கவனமாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"அது கெடக்கட்டும்" என்றாள் காளியம்மாள். "அந்த இன்ஸ்பெக்டர்கிட்ட ஊரு கேக்கச் சொன்னியே, கூடத்தான் இருக்கணும்னு. அது பொய்யாடா?"

வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு தலைகள் தெரிந்தன. கிழவியின் முகத்தில் கோபம் இல்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்காக அவள் காத்திருந்த விதத்தில் ஒரு பயம் இருந்தது. போலீசுக்கு முன்னால் இல்லாத பயம். முருகையனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"பொய் இல்ல பெரியம்மா" என்றான். இந்த முறை மேடைக் குரல் வரவில்லை.

காளியம்மாள் தலையைக் குனிந்துகொண்டு கீரையை ஆய ஆரம்பித்தாள். கூடையைத் தலையிலிருந்து எங்கே இறக்குவது என்று தெரியாமல் அவன் நின்றான். அம்சம் எழுந்து வந்து ஒரு விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லாத்தான் பெசஞ்சிருக்கீங்க, வீணாக்க வேணாம்" என்றாள். "இந்த வீட்டுல இப்ப தனிச் சோறு கேக்கிறது நீங்க ஒருத்தர்தான். கொட்டாய் காலியாத்தான் இருக்கு, உங்களுக்குப் போட்டுக்குங்க."