தாகத்தை ஒழித்த சட்டம்

மலைக்கும் கடலுக்கும் நடுவே, வரைபடம் எழுதியவர்கள் மை தீர்ந்துபோய் விட்டுவிட்ட இடத்தில் போதிநாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே புத்தரின் அறத்தால்தான் ஆட்சி நடந்தது. கோட்டை வாசலில் அப்படித்தான் எழுதியிருந்தது. சட்டங்கள்கூட பிக்குகளின் பழைய முறைப்படியே நிறைவேறின. ஊரை மண்டபத்தில் கூட்டி, தீர்மானத்தை மூன்று முறை படிப்பார்கள். மறுப்பவர் பேசலாம். யாரும் பேசாவிட்டால், "சபை மௌனமாக உள்ளது, ஆகவே சம்மதிக்கிறது" என்று எழுத்தர் எழுதிக்கொள்வார். பிக்குகளிடையே மௌனத்துக்குக் காரணம் சம்மதம். போதிநாட்டில் காரணம் வாசலில் நின்ற வேல்காரர்கள்.

கீரை பயிரிடும் அரும்பு எல்லாச் சபைக்கும் போவாள். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

துன்பம் உண்டு என்பது புத்தர் சொன்ன முதல் உண்மை. அதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டதால் மக்கள் தனித்தனியே தெரிவிக்கத் தேவையில்லை என்று மனுப்பெட்டியை எடுத்துவிட்டார்கள். துன்பத்தின் வேர் ஆசை என்பது இரண்டாம் உண்மை. ஆசையைத் தூண்டுவதாக நெற்களஞ்சியத்தைப் பூட்டினார்கள். உள்ளே இருந்த நெல் எங்கே என்று கேட்பதும் ஆசையில் சேர்ந்தது. பிறகு, எல்லாம் நிலையற்றவை என்பதால் ஏரிக்கரைக் குடிசைகளை இடித்தார்கள்.

"நாங்கள் அழிக்கவில்லை. அநித்தியத்தைச் சற்று விரைவுபடுத்தினோம்" என்றார் அறநெறி அமைச்சர் சீலநந்தி.

அந்த இடத்தில் அரசரின் தாமரைத் தோட்டம் வந்தது. ஏரித் தண்ணீர் முழுவதும் அதற்கே போனது. நிலையாமை தோட்டத்துக்குப் பொருந்தாது என்று சட்டத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது.

மிஞ்சியது அரும்பு வீட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்க்கிணறு. தெரு முழுக்க அதில்தான் குடித்தது. அவளுடைய கீரைப் பாத்திகளும் ஒன்றரை வயது மகளும்கூட.

பங்குனிப் பௌர்ணமிச் சபையில் சீலநந்தி ஓலையை விரித்தார்.

"வேட்கை அறுந்தால் துன்பம் அறும். வேட்கைகளில் முதன்மையானது தாகம். ஆகவே கடைசிக் கிணறும் மூடப்படும். முதல் முறை கேட்கிறேன்."

யாரும் அசையவில்லை.

"அண்ணி, எந்திரிச்சு கிந்திரிச்சுத் தொலைக்காதீங்க" என்று நாத்தனார் பூவாள் அரும்பின் முந்தானையைப் பிடித்தாள். "போன சபையில தும்மினவரையே இன்னும் காணோம்."

"இரண்டாம் முறை கேட்கிறேன்."

மடியிலிருந்த குழந்தை காய்ந்த உதட்டை நக்கிக்கொண்டது.

"மூன்றாம் முறை…"

"எனக்குச் சம்மதமில்ல."

அரும்பின் குரல் கீச்சென்றுதான் வந்தது. ஆனாலும் கடைசித் தூண்வரை கேட்டது.

அமைச்சர் பரிவோடு சிரித்தார். "'எனக்கு' என்று ஒருவரும் இல்லை, தாயே. 'நான்' என்பதே மாயை என்பது போதனை. இல்லாதவர் எப்படி மறுப்பது?"

"நான் இல்லாதவள்னா, வாசல்ல இந்த வேல்காரர் யாரைப் பார்த்து வேலை நீட்டிக்கிட்டு நிக்கிறாரு?"

யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"தாகம் வேட்கையம்மா!"

"தாகம் உடம்போடது. வேட்கை உங்க தாமரைத் தோட்டம். பட்டினி கிடந்து எலும்பாப் போன புத்தர், ஒரு பொண்ணு குடுத்த பால்சோத்தைச் சாப்பிட்டுத்தானே உக்காந்து ஞானம் கண்டாரு?"

"அந்தப் பகுதி அரசுப் பதிப்பில் இல்லை."

"உங்க பதிப்புல இல்லாட்டிப் போகுது. எங்க தெருவுல சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

பூவாள் முந்தானையை விட்டாள். விட்டவள் தானும் எழுந்தாள். "எனக்கும் சம்மதமில்ல!" அடுத்து ஒருவர், அதற்கடுத்து ஒரு வரிசையே எழுந்தது. அரும்பு குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கிணற்றை நோக்கி நடந்தாள். ஊரே பின்னால் போனது. வேல்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் தாகம். வேல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர்களும் நடந்தார்கள்.

மண்டபத்தில் அமைச்சரும் எழுத்தரும் மட்டுமே இருந்தார்கள். சீலநந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, தீர்மானத்தை முதலிலிருந்து மூன்று முறை படித்தார். தூண்கள் மறுக்கவில்லை.

"சபை மௌனமாக உள்ளது" என்றார். "ஏகமனதாக என்று எழுதும்."

அந்தச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. ஒவ்வொரு பௌர்ணமியன்றும் காலி மண்டபத்தில் புதுப்புதுச் சட்டங்கள் ஏகமனதாக நிறைவேறுகின்றன. அதே பொழுதில் கிணற்றடியில் இன்னொரு சபை கூடுகிறது. அங்கே அரும்பை உட்கார வைப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறதாம்.